சொத்தைக்குக் கொடுத்த நற்சான்று

முசரவாக்கத்து விவசாயி சின்னப்பையன் தன் மொபெட்டில் இரண்டு மூட்டை கத்திரிக்காயைக் கட்டிக்கொண்டு வந்து, குமாரசாமியின் வீட்டுப் பந்தலில் இறக்கினான். மறுநாள் அங்கே கல்யாணம். பட்டு நெசவாளர் குமாரசாமியின் மகள் துர்காதேவிக்கு ஆரணியில் மாப்பிள்ளை. சம்பந்தி வீட்டார் சாப்பாட்டு விஷயத்தில் ரொம்பக் கெடுபிடி என்று கேள்வி. பந்தியில் யாருக்காவது வயிற்றைப் புரட்டினால் போதும், பெண் ஆயுசுக்கும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

2010-ஆம் வருடத்துத் தை மாதம் அது, பொங்கல் கழிந்து இரண்டு வாரம். கத்திரிக்காய்க்கே நேரம் சரியில்லை. மரபணு மாற்றிய கத்திரிக்காயை நாட்டுக்குள் விடலாமா கூடாதா என்று பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. அரசாங்கம் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டது. கடைக்கு அது இன்னும் வரவில்லை. ஆனால் ஜரிகை வியாபாரி சிட்டிபாபுவின் வாய்க்கு எப்போதோ வந்துவிட்டது.

"அண்ணா, ஏதோ ஒரு கிருமியோட ஜீனை எடுத்து கத்திரிக்காய்க்குள்ள வெச்சுட்டாங்களாம். கடிச்ச புழு அங்கியே காலி! புழுவுக்கே அந்த கதின்னா, நம்ம வயிறு இன்னா ஆவும்?"

பந்தலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் இதைச் சொல்லிவிட்டு மூட்டையை ஒரு பார்வை பார்த்தார். குமாரசாமியும் பார்த்தார். இரண்டு கை நிறைய அள்ளித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பளபளவென்று எல்லாம் ஒரே அளவு. எதிலும் ஓர் ஓட்டை இல்லை.

அங்கேதான் அவருக்குச் சந்தேகம் தட்டியது. முப்பது வருடமாகச் சேலை பார்த்த கண் அது. கையால் நெய்த சேலையில் எங்கேயாவது ஒரு சின்ன முடிச்சு, ஓர் இழைப் பிசகு தட்டுப்படும். குறையே இல்லாமல் ஒரே சீராக இருந்தால் அது விசைத்தறிச் சரக்கு, கைத்தறி என்று ஏமாற்றுகிறான் என்று விரித்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அந்தக் கண்ணோடு காயைப் பார்த்தார்.

"இன்னாப்பா, ஒரு சொத்தைகூட இல்ல?"

"கல்யாணத்துக்காச்சேன்னு பொறுக்கிக்கினு வந்தேன்ணா. சொத்தையெல்லாம் ஆட்டுக்குப் போட்டுட்டேன்."

"ரெண்டு மூட்டையும் பொறுக்குனியா? யார் காதுல பூ சுத்துற? எந்த கம்பெனி வெதை இது?"

"கம்பெனியா? எங்கப்பன் காலத்து வெதைண்ணா!"

"ஜீன் காயை எடுத்தாந்து என் பொண்ணு கல்யாணத்துல போடப் பாக்குறியா? எடுத்துக்கினு போ!"

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. சின்னப்பையன் தன் கண் கலங்கியதை யாரும் பார்க்கக் கூடாதென்று குனிந்து மூட்டையைக் கட்டினான். அவன் மார்க்கெட் போய்ச் சேர்வதற்குள் சிட்டிபாபுவின் செல்போன் அங்கே போய்விட்டது. ஒரு கடைக்காரரும் காயைத் தொடவில்லை.

பின்னாலேயே குமாரசாமியும் மார்க்கெட்டுக்குப் போனார். கலியன் கடையில் உட்கார்ந்து ஓட்டை விழுந்த காயாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார். வியாபாரத்தில் தலை நரைத்த கலியன் இப்படி ஒரு மகராசனைப் பார்த்ததே இல்லை. விற்காமல் கிடந்த சொத்தையெல்லாம் போயிற்று என்ற சந்தோஷத்தில் சாக்கு மூட்டையைத் தானே தூக்கி ஆட்டோவில் வைத்தான்.

சாயங்காலம் தெருப் பெண்கள் ஆளுக்கோர் அரிவாள்மணையோடு பந்தலில் வந்து உட்கார்ந்தார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் காய் நறுக்குவது அந்தத் தெரு வழக்கம். குமாரசாமியின் மனைவி நீலாம்பாள் நாலு காய் அரிந்தவள், ஐந்தாவதைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்க. புழு இருக்குது."

"இருக்கட்டுமே! புழு இருந்தாத்தான் நல்ல காய்."

"இருக்குதுதான். ஒண்ணாவது நெளியுதான்னு பாருங்க."

குமாரசாமி குனிந்து பார்த்தார். அரிந்த காய்களில் எல்லாப் புழுவும் செத்துக் கிடந்தது. முகர்ந்தால் பூச்சிமருந்து வாடை குப்பென்று வந்தது. பக்கத்தில் அரிந்துகொண்டிருந்த பெண், கை அரிக்கிறது என்று எழுந்து போனாள்.

கலியனுக்குப் போன் போட்டார்.

"ஆமாண்ணா, புழு ஜாஸ்தின்னு தோட்டக்காரன் நேத்து சாயங்காலம் மருந்து அடிச்சான், காலையில பறிச்சான். எல்லாரும் செய்றதுதான. நல்லா கழுவிட்டு போடுங்க."

நாளைக்கு இதைத்தான் குமாரசாமி தன் கையால் சம்பந்தியின் இலையில் வைத்திருப்பார். அத்தனையையும் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லிவிட்டு, இருட்டுவதற்குள் முசரவாக்கம் போனார்.

கட்டிய மூட்டை கட்டியபடி வாசலில் இருக்க, சின்னப்பையன் அதன்மேல் சாய்ந்திருந்தான். நடந்ததை எல்லாம் மறைக்காமல் சொன்னார் குமாரசாமி.

"கலியன்கிட்ட எப்ப மருந்து அடிச்சதுன்னு கேட்டுட்டு வாங்கக் கூடாதாண்ணா?"

"கேக்கலப்பா."

"ஏன்?"

"ஓட்டை இருந்துச்சு."

சின்னப்பையனுக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது.

"மருந்து நானும் அடிக்கிறவன்தாண்ணா. இல்லைன்னா செடி மிஞ்சாது. இன்னா அடிச்ச, எப்ப அடிச்சன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க தீர்ப்பு இல்ல குடுத்தீங்க? காய் தரேன். ஆனா தெருவுல வெச்சு என் பேரைக் கெடுத்தீங்க. தெருவுல வெச்சே சரி பண்ணுங்க."

மறுநாள் தாலி கட்டி முடிந்து முதல் பந்தி உட்கார்ந்தது. எண்ணெய்க் கத்திரிக்காய் பரிமாறுமுன் குமாரசாமி சின்னப்பையனைக் கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினார். மாப்பிள்ளை வீட்டார் விழித்தார்கள். அவர் பந்தி முழுக்கக் கேட்கும்படி பேசினார்.

"நேத்து இதே பந்தல்ல இவனை மோசக்காரன்னு வெரட்டுனேன். தப்பு என்னுது. இவன் பொறுக்கி எடுத்தாந்த நல்ல காயை வேணாம்னுட்டு வெசத்தை வாங்கியாந்தேன். நம்ம வயித்துக்குள்ள போறதாச்சே, சந்தேகம் வரட்டும், வரணும். நாளைக்கு ஜீன் கத்திரிக்காயே வந்தாலும் யாரு சோதிச்சது, சோதிச்சவனுக்கு யாரு சம்பளம் குடுத்தது, அதுல இன்னா தெரிஞ்சுதுன்னு கேப்பேன். பதில் வர்ற வரைக்கும் வாங்க மாட்டேன். ஆனா ஒண்ணும் கேக்காம, காயோட மூஞ்சியப் பாத்து வர்ற சந்தேகம் இருக்குது பாருங்க, அது வெசத்தை விட்டுட்டு வெவசாயியைப் புடிச்சிக்கும்."

சிட்டிபாபு தன் இலையில் விழுந்த கத்திரிக்காயையும் சின்னப்பையனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்பா, கடைசியா எப்ப மருந்து அடிச்ச?"

"பொங்கலுக்கு முன்னாடிண்ணா. இதை நேத்தே கேட்டிருக்கலாம்."