வைரவன் ஸ்டோர்ஸின் முழங்கை

1

கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சிலர் வலி என்பார்கள், சிலர் கனவு என்பார்கள். இந்தக் கதை எனக்கு இனாமாகக் கிடைத்த ஒரு கலண்டரிலிருந்து வந்தது. இலங்கை மலைநாட்டில், அட்டன் நகரத்தில் வைரவன் ஸ்டோர்ஸ் என்ற பழைய கடையில், பத்துக் கிலோ அரிசி வாங்கியவர்களுக்கு ஒரு கலண்டர் கொடுத்தார்கள். நான் வாங்கியது இரண்டு கிலோ. வாங்கிய பிறகும் எதுவும் பேசாமல் நின்றுகொண்டிருந்தேன். என் சுபாவம் அப்படி. கலண்டருக்காக நிற்கிறேன் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

முதல் தொடக்கம்: "வெள்ளைக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூடுபனி அட்டன் நகரத்தின் மீது மெல்ல…"

(நிறுத்திவிட்டேன். மலைநாட்டுக் கதை என்றால் முதல் வரியிலேயே பனி இறங்கிவிடுகிறது. அன்று பல்லைக் காட்டும் வெயில்.)

இரண்டாம் தொடக்கம்: "அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் காலம் உறைந்து…"

(உறையவில்லை. அது அக்கரப்பத்தனையிலிருந்து பஸ் ஏறி, நின்றுகொண்டே பயணம் செய்து, கோபமாக வந்து இறங்கியது.)

மூன்றாவதாக ஒன்றும் யோசிக்கவில்லை. படத்தையே சொல்லிவிடுகிறேன்.

2

படம் 1962இல் எடுத்தது. பலகைக் கதவுகள் திறந்த ஒரு கடை. மேலே "வைரவன் ஸ்டோர்ஸ்" என்ற பெயர்ப்பலகை. உத்தரத்தில் குடைகள் தொங்குகின்றன. ஒரு பக்கம் கம்பளிகளின் அடுக்கு, மறுபக்கம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகள். நடுவில் கோட்டு அணிந்த ஒரு மனிதர், ஒரு கை இடுப்பில், மறு கை ஒரு குடையின் மேல், தெரு முழுவதும் தன் பெயரில்தான் எழுதியிருக்கிறது என்பது போலப் பார்க்கிறார். காலில் செருப்பில்லை. கோட்டின் கைநுனியில் சின்னதாக ஏதோ தொங்குகிறது. வலது ஓரத்தில், தராசுக்குப் பின்னால், யாரோ ஒருவருடைய முழங்கை. மற்ற உடம்பு படத்துக்குள் வரவில்லை.

(முழங்கையை மறந்துவிடாதீர்கள். நானும் முதல் வரைவில் அதை விட்டுவிட்டேன். கதை நொண்டியது.)

இந்தப் படம் அறுபது வருடங்களாகக் கல்லாப்பெட்டிக்கு மேல் மாட்டியிருக்கிறது. மாலை, சிவப்பு பல்பு. தினமும் கடை திறந்ததும் கோட்டுக்காரரின் நெற்றியில், கண்ணாடிக்கு மேலாக, சந்தனப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். அதன் பிறகுதான் முதல் வியாபாரம். பிரதமரே வந்து நின்றாலும் அதற்கு முன் ஒரு தீப்பெட்டி கிடைக்காது.

இப்போதைய முதலாளி பிரதாபன், வைரவனின் பேரன். அவருக்கு அந்தப் படம் "தாத்தா". இந்த வருடம் அவருடைய மகள் ஹம்சினி படத்தை ஸ்கேன் பண்ணிக் கலண்டரில் போட்டாள். கீழே: "எமது நிறுவனர் அமரர் வைரவன். தோற்றம் 1912, மறைவு 1966."

ஐந்நூறு பிரதிகள் அடித்தார்கள். உடப்புசல்லாவை என்ற ஊர் வரைக்கும் போயிருக்கிறது.

3

இனி ஒரு பாத்திரம் உள்ளே வர வேண்டும். எழுதிப் பார்த்தேன்: "எண்பத்து மூன்று வயதான சோலைமலையின் கண்களில் மூன்று தலைமுறைகளின் துயரம்…"

(இல்லை. அவர் ஒத்துழைக்கவில்லை. எவ்வளவு முயன்றும் அந்தக் கண்களில் துயரத்தை ஏற்ற முடியவில்லை.)

வெள்ளிக்கிழமை காலை. நான் வழக்கம்போல கடை வாசல் ஓரத்து அரிசி மூட்டையில் உட்கார்ந்து, றொசல்ல பஸ்ஸுக்காகக் காத்தபடி படித்துக்கொண்டிருந்தேன். அக்கரப்பத்தனை பஸ்ஸில் வந்து இறங்கி, கக்கத்தில் சுருட்டிய கலண்டருடன் சோலைமலை வந்தார். பின்னால் அவருடைய மகள் ஜீவராணி, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள், ஒரு நாள் பேர், அதாவது கூலி, போன எரிச்சலுடன்.

"மொதலாளி யாருங்க?"

"நான்தான். சொல்லுங்க பெரியவரே, என்ன வேணும்?" என்றார் பிரதாபன்.

"ஒண்ணும் வேணாங்க. நான் செத்துட்டேன்னு போட்டிருக்கீங்க. அதக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

பிரதாபன் என்னைப் பார்த்தார். நான் பக்கத்தைப் புரட்டினேன்.

பெரியவர் கலண்டரை மேசையில் விரித்தார். "இது யாரு?"

"எங்க தாத்தா."

"இது நானுங்க."

"யாரோ ஒங்க சாயல்ல இருக்காங்கப்பான்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன் மொதலாளி," என்றாள் ஜீவராணி. "கேக்கல. ரெண்டு நாளா கண்ணாடியையும் கலண்டரையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு, 'செத்து அறுவது வருசமாச்சாம், எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல'ன்னு ஒரே பொலம்பல்."

பெரியவர் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி, இடது காலைத் தூக்கி மேசையில் வைத்தார். இரண்டாம் விரல் பெருவிரலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஹம்சினி போனில் படத்தைப் பெரிதாக்கினாள். கோட்டுக்காரரின் வெறுங்காலிலும் அதே விரல், அதே சவாரி. சரிபார்ப்பதற்காகப் பிரதாபன் குனிந்தார். தெருவில் போன இரண்டு பேர், முதலாளி யாருடைய காலிலோ விழுகிறார் என்று நினைத்து நின்றுவிட்டார்கள்.

"கம்பளி வாங்க வந்தேங்க," என்றார் பெரியவர். காலை இன்னும் இறக்கவில்லை. "ஸ்டூடியோக்காரரு பெட்டிய வச்சுக்கிட்டு ரோட்டுல நிக்கிறாரு. ஒங்க தாத்தா வெளிய வர மாட்டேங்கிறாரு. போட்டோ புடிச்சா ஆயுசு கொறையுமாம். 'ஆளில்லாம புடிச்சா பூட்டுன கடை மாதிரி இருக்கும், நீ போயி நில்லுடா'ன்னு அவரே எங்கிட்ட சொன்னாரு. விக்கிறதுக்குத் தொங்கின கோட்டுல ஒண்ண எடுத்து மாட்டிவிட்டாரு. பெட்டி டக்குன்னதும் கழட்டி வாங்கிட்டாரு. ஒரு நிமிசம் கூடப் போட விடலீங்க."

"அந்தக் கையில தொங்குறது?"

"வெலச் சீட்டு."

பிரதாபன் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய அப்பா வடிவேல், அது பழனிக்குக் கட்டிய காப்பு என்று சொல்லித்தான் அவரை வளர்த்திருந்தார்.

"அப்ப எங்க தாத்தா எங்க?"

பெரியவர் விரலைக் கலண்டரின் வலது ஓரத்துக்குக் கொண்டுபோனார்.

"இந்தா இருக்காரே."

அது முழங்கை.

4

(இது அடிக்குறிப்பு. அடியில் இடமில்லாததால் நடுவில் வைக்கிறேன்.

பெற்ற அப்பாவின் முகம் மகனுக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அதாவது, கேட்பது போலப் பார்த்தேன். வைரவன் இங்கே கடை வைத்திருந்தார். குடும்பம் இந்தியாவில், ஊரில். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கப்பலேறிப் போய், ஒரு மாதம் இருந்துவிட்டு வருவார். மகன் வடிவேல் அப்பாவைப் பார்த்தது மூன்று தடவை. அதில் ஒன்று தொட்டிலில் இருந்தபடி. அப்பா இறந்த செய்தி கிடைத்து, பதினாறு வயதில் கடையைப் பார்க்க வந்தவர், மேசை இழுப்பறையில் இந்தப் படத்தைக் கண்டார். கடை வாசலில் கோட்டுப் போட்டு இவ்வளவு மிடுக்காக நிற்பவர் முதலாளியாக இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்? கடை தொடங்கிய காலத்தில் எடுத்தது, அதனால்தான் அப்பா இவ்வளவு இளமை என்று முடிவு செய்து, அன்றைக்கே மாலை வாங்கிவிட்டார்.

கடையில் வேலை செய்தவர்களுக்குத் தெரிந்திருக்குமே? பிரதாபன் சொன்ன பதில்: "புது மொதலாளியப் பாத்து, 'இது ஒங்கப்பா இல்லீங்க'ன்னு எவன் சொல்லுவான், சேர்?")

5

நான் திட்டமிட்டிருந்த கதை இங்கே முடிய வேண்டும். முதலாளி மன்னிப்புக் கேட்பார், மாலை இறங்கும், முதியவர் கண்ணீருடன் பஸ் ஏறுவார். நல்ல கனமான கதை. மௌனங்கள் நிறைய வைத்திருந்தேன்.

பிரதாபன் மன்னிப்புக் கேட்டார். முக்காலியில் ஏறி மாலையில் கை வைத்தார்.

"தொடாதீங்க!" என்று பெரியவர் போட்ட சத்தத்தில் என் மௌனங்கள் அனைத்தும் சிதறிப்போயின.

"நெத்தியில பொட்டு இருக்கே, அது தெனமுமா வைக்கிறீங்க?"

"தெனமும்தான்."

"ஒரு நாளு விட்டுப்போனது இல்ல?"

"கலவரத்துல கடை பூட்டிக் கெடந்தப்பகூட அப்பா பின்கதவால வந்து வச்சாரு."

பெரியவர் காலை மேசையிலிருந்து இறக்கினார். முகம் மாறியது.

"லாரியோட பள்ளத்துல உருண்டேன், சிராய்ப்போட வந்தேன். மஞ்சக்காமாலை வந்துச்சு, போச்சு. குளவி கொட்டி நாலு பேர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. மூணு பேரு வரல, நான் எந்திரிச்சு டீ கேட்டேன். டாக்டரே அதிசயம்னாரு. எஞ்செட்டுல இன்னைக்கு நான் ஒருத்தன்தான் மிச்சம். ஏன்னு இத்தன வருசமா யோசிக்கிறேன்." படத்தைக் காட்டினார். "இப்பத்தாங்க வெளங்குது. நிறுத்திட்டீங்கன்னா நான் எத்தன நாளைக்கு?"

"அப்பா, பேசாம வாங்க," என்றாள் ஜீவராணி.

"நீ சும்மா இரு. ஒனக்கு ஒன் உசுரு, எனக்கு என் உசுரு."

பிரதாபன் முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். "பெரியவரே, எங்க தாத்தாவ நெனச்சுப் பாருங்க. அறுவது வருசமா ஒரு பொட்டு இல்ல, ஒரு கற்பூரம் இல்ல. பேரன் பக்கத்துல நிக்கிறவனுக்கே காட்டுறானேன்னு அவரு அந்த ஓரத்துலயிருந்து பாத்துக்கிட்டு இருந்திருப்பாரே."

"முழங்கையால எப்புடிப்பா பாப்பாரு?" என்றாள் ஹம்சினி.

"வாய மூடு."

மூடவில்லை. "படத்த ஏன் எறக்கணும்? தாத்தாவும் இதுலதான இருக்காரு? பொட்ட மட்டும் நெத்தியிலேருந்து எடுத்து முழங்கையில வைங்க."

பெரியவரின் கை தன் நெற்றிக்குப் போனது. பிரதாபனின் கை தன் முழங்கைக்கு.

"ரெண்டு பேருக்கும் வச்சுட்டாத்தான் என்ன?" என்றாள் ஜீவராணி. நீங்களும் அதைத்தான் யோசித்தீர்கள்.

"தெரியாம வச்சது வேற," என்றார் பிரதாபன். "உசுரோட இருக்கிற மனுசன்னு தெரிஞ்சுக்கிட்டே படத்துக்குப் பொட்டு வச்சா, நானே அவர அனுப்பி வச்ச மாதிரி. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"வைக்காட்டித்தான் ஆகும்னு சொல்றேன்!"

பிறகு இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "சேர் படிச்சவரு. சேர் சொல்லட்டும்."

நான் யோசித்தேன். எனக்கு யோசிக்க நேரம் பிடிக்கும்.

"பாத்தீங்களா? நான் சொல்றதுதான் சரிங்கிறாரு," என்றார் பிரதாபன்.

"எங்க சொன்னாரு? எனக்காகத்தான் மனசு கேக்காம வாய மூடிக்கிட்டு இருக்காரு," என்றார் பெரியவர்.

றொசல்ல பஸ் போய்விட்டது.

6

முடிவுகள் மூன்று எழுதினேன்.

அ. பொட்டு முழங்கைக்கு மாறுகிறது. ஒரு வாரம் கழித்து, லயத்து வீட்டின் வாசலில், மழை ஓய்ந்த நேரத்தில், சோலைமலை…

(மிக அருமையாக வந்தது. கிழித்துவிட்டேன். காரணம், அன்று பஸ் நிலையம் வரை அவருடன் நடந்தபோது அவர் சொன்னது: "தம்பி, நீங்க கதை எழுதுவீங்களாமே. என்னையச் சாகடிச்சிராதீங்க. கலண்டர்ல ஒருக்கா செத்ததே போதும்.")

ஆ. பொட்டு நெற்றியிலேயே இருக்கிறது. அன்றிலிருந்து பிரதாபனின் கனவில் ஒரு முழங்கை வருகிறது. பேசுவதில்லை, வாய் இல்லை. விலாவில் ஓர் இடி மட்டும் இடித்துவிட்டுப் போகிறது. பிரதாபன் மெலிகிறார்.

இ. கலண்டர் மாட்டிய வீடுகளில், "அமரர்" என்று கண்டதும் பழக்கதோஷத்தில் பலர் பொட்டு வைத்துவிட்டார்கள். ஆகவே கடையில் நிறுத்தினாலும் டிசம்பர் 31 வரை பெரியவருக்குப் பாதுகாப்பு உண்டு. (ஜனவரியில் என்ன செய்வது என்று தெரியாததால் இதையும் விட்டேன்.)

அன்று பஸ் ஏறும்போது பெரியவர் இன்னொன்றும் சொன்னார். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, நடத்துநர் கத்தக் கத்த.

"எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு போட்டோதாந் தம்பி. கதையில அந்தக் கோட்ட மட்டும் கழட்டிராதீங்க."

7

மறுநாள் காலை, கடை திறக்கும் நேரம். பிரதாபன் முக்காலியில் நிற்கிறார். பழைய பொட்டைத் துடைத்துவிட்டார். அறுபது வருடச் சந்தனம் கண்ணாடியில் ஒரு வட்டத்தை விட்டிருக்கிறது. அதைத் துடைக்க முடியவில்லை. கீழே தட்டில் கற்பூரம். ஹம்சினி போனை எடுக்காமல் நிற்கிறாள். அதிலிருந்தே விஷயத்தின் கனம் உங்களுக்குத் தெரியும். முதல் பஸ்ஸில் வந்துவிட்ட சோலைமலை, சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை பூட்டி, ஒரு கை இடுப்பில், மறு கை குடையின் மேல், படத்தில் நிற்பது போலவே நிற்கிறார். ஜீவராணி அன்றைய பேரையும் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். "சும்மா பஸ்ஸுல தொணைக்கு வந்தேன்" என்கிறாள். ஆனால் அவள் கண் முதலாளியின் விரலை விட்டு அசையவில்லை.

பிரதாபனின் மோதிர விரலில் சந்தனம் இருக்கிறது. விரல் கண்ணாடிக்குச் சற்று முன்னால், நெற்றிக்கும் முழங்கைக்கும் நடுவில் நிற்கிறது. இடைவெளி ஒரு சாண்கூட இல்லை.

என்னால் இவ்வளவுதான் முடியும். வழக்கம்போல நான் எதுவும் சொல்லவில்லை. இந்தத் தடவை அதை யாரும் எந்தப் பக்கமும் சேர்த்துக்கொள்ளவில்லை. விரலை உங்களிடம் தருகிறேன். கை நடுங்காமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

தருவதற்கு முன் என் பங்குக்கு ஒன்று செய்துவிட்டேன். இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போய், கோட்டின் கைநுனியில் தொங்கிய விலைச் சீட்டைப் பிய்த்து எறிந்துவிட்டேன். கோட்டு இனி அவருடையது. வைரவன் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

மற்றது உங்கள் பாடு. சீக்கிரம் வையுங்கள். வாசலில் ஓர் அம்மா தீப்பெட்டி வாங்க நிற்கிறாள். அடுப்புப் பற்றவைக்க வேண்டுமாம்.