பந்தயத்தில் முதலில் வந்த பீப்பாய்

வோசபேக் ஊர்த் திருவிழா சைக்கிள் பந்தயத்தில் அந்த ஆண்டு முதலில் வந்தது ஒரு செர்ரி பியர் பீப்பாய். அதற்குப் பெடல் கிடையாது, சங்கிலி கிடையாது, ஒரு நாள் பயிற்சிகூடக் கிடையாது. மாகாணத்தின் சூரப்புலிகள் எல்லாரும் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் முடிவுக் கோடு வரை வந்தார்கள். ஊரே கண்ணால் கண்டது. நம்பமாட்டேன் என்று நின்றவர் ஒரே ஒருவர்தான்.

அன்று மதியம் பண்ணைக்காரர் கொம்மாருக்குப் பந்தயத்தைப் பார்க்க நேரமே இல்லை. மேட்டின் உச்சியில் இருந்த தன் பண்ணை முற்றத்தில், பீப்பாயின் குழாய்க்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். குழாய் ஒரு சொட்டு விட்டது. ரொம்ப நேரம் யோசித்தது. இன்னொரு சொட்டு விட்டது.

"குச்சிக்கட்டு வெச்சீங்களா இல்லையா?" என்றாள் மனைவி லியோன்டின்.

பீப்பாயில் பழம் போடுவதற்கு முன், குழாய்த் துளைக்கு உள்பக்கமாக ஒரு குச்சிக்கட்டைச் செருகி வைக்கவேண்டும். இல்லாவிட்டால் ஊறிப்போன செர்ரித் தோலும் கொட்டையும் திரண்டு வந்து துளையை அடைத்துவிடும். வோசபேக்கில் இது தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

கொம்மார் மெதுவாகத் திரும்பி மைத்துனன் ஸ்டாஃபைப் பார்த்தார்.

"நீங்க வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன் மச்சான்."

"நீ வெச்சிருப்பேன்னு நான் நெனச்சேன்டா!"

"ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் நல்லாத்தான் நெனச்சிருக்கீங்க," என்றாள் லியோன்டின். "குச்சியத்தான் யாரும் நெனக்கல."

வேறொரு நாளாக இருந்தால் கொம்மாரே சிரித்திருப்பார். அன்று சிரிக்க முடியவில்லை. பந்தயத்தில் ஜெயித்தவன் வாயில் படும் முதல் கிளாஸ், அவர் தாத்தா காலத்திலிருந்தே இந்தப் பண்ணையின் செர்ரி பியர். போன வருடம் அது வந்துசேரத் தாமதமாகி, ஜெயித்தவன் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டான். நடுவர் காமியேல் அதைப் பெரிய பஞ்சாயத்தாக்கினார். "இந்த வருஷம் முதல் ஆள் கோட்டத் தாண்டறப்ப கிளாஸ் நெறஞ்சு நிக்கணும் கொம்மாரு. இல்லன்னா இனிமே ஃபாக்டரி பாட்டில்தான்." அந்தப் பாட்டிலில் இருப்பது பியரா, இருமல் மருந்தா என்று மருந்துக்கடைக்காரருக்கே சந்தேகம்.

லியோன்டின் பின்னல் ஊசியைக் குழாய்க்குள் விட்டாள். ஊசி போனது, திரும்பி வரவில்லை. ஸ்டாஃப் சைக்கிள் பம்பை வைத்து அடித்தான். பீப்பாய் ஓர் ஏப்பம் விட்டது. அந்தச் சத்தத்தில் மூன்று ஊர் வாத்துகள் குளத்தில் முங்கிக்கொண்டன. பியர் வரவில்லை. கொம்மார் மேல்துளையில் ரப்பர் குழாயை இறக்கி உறிஞ்சினார். கன்னம் இரண்டும் உள்ளே போய் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. அந்தக் குழாயையும் தோல் அடைத்தது. கிடைத்தது ஒரு செர்ரிக் கொட்டை. அதைத் துப்பிவிட்டு, மேல்துளையைக் கட்டைச் சுத்தியலால் அடித்து மூடினார். அடித்த அடியில் பாதி, ஸ்டாஃபின் தலைக்கு என்று வைத்திருந்தது.

சாலையில் போனவர்கள் சும்மா போகவில்லை.

"என்ன கொம்மாரு, பால் கறக்கறியா?"

"பசு வத்திப்போச்சு போல! கொஞ்சம் தடவிக் குடு!"

"போங்கடா, உங்க வேலையப் பாருங்கடா!" என்று கத்தினார் கொம்மார்.

"மச்சான், லேசா உருட்டிப் பாத்தா?" என்றான் ஸ்டாஃப்.

"உருட்டறதா? மண்டி பூரா கலங்கிடும்டா! எங்கப்பா கல்லறையிலேர்ந்து எந்திரிச்சு வந்துடுவாரு."

"வரட்டும். கொழாய எப்படித் தொறக்கறதுன்னு அவரையே கேப்போம்."

லியோன்டின் காலி கிளாஸ்களைத் தூக்கிக்கொண்டு கீழே முடிவுக் கோட்டுக்கு ஓடினாள். காமியேலிடம் எதையாவது பேசிக் கொஞ்சம் நேரம் கடத்தலாம் என்று பார்த்தாள். அதே நேரம் மேட்டுக்குப் பின்னால் ஆரவாரம் கேட்டது. கடைசிச் சுற்று. இன்னும் சற்று நேரத்தில் சைக்கிள்கள் பண்ணை வாசலைக் கடந்து சரிவில் பாயும்.

குழாய் ஒரு சொட்டு விட்டது.

கொம்மாருக்குள் ஏதோ அறுந்தது. "சனியனே!" என்று கத்திக்கொண்டே, அந்த ஊரில் யாருமே செய்யாத காரியத்தைச் செய்தார். பீப்பாயை எட்டி உதைத்தார்.

அது தாங்குகட்டையிலிருந்து இறங்கியது. நிதானமாக முற்றத்தைக் கடந்தது. வாசலில் ஒரு கணம் நின்று, இடமும் வலமும் பார்த்ததாக ஸ்டாஃப் இன்றைக்கும் சத்தியம் செய்கிறான். பிறகு சாலையில் இறங்கிச் சரிவைப் பிடித்தது. சரியாக அப்போது முதல் சைக்கிள், மீன்கடைக்காரர் மகன், மேட்டைத் தாண்டி வந்தான். தனக்கு முன்னால் ஒருவன் போகிறான் என்று நினைத்து எழுந்து நின்று மிதித்தான். கொம்மார் இருவருக்கும் பின்னால் மரக்கட்டைச் செருப்போடு ஓடினார். மாதா கோயில் சுவரில் தீப்பொறி தெறித்தது, யாருடைய வேகத்தால் என்று தெரியவில்லை. பீப்பாய் கோட்டைத் தாண்டி, நடுவரின் நாற்காலியைத் தீக்குச்சிகளாக்கி, வைக்கோல் கட்டுகளில் முட்டி நின்றது. உருண்ட உருட்டலில் கொட்டையெல்லாம் இடம் மாறிவிட்டது போலும். திறந்தே கிடந்த குழாயிலிருந்து சிவப்பாக, விரல் கனத்துக்குப் பியர் பீறிட்டது. லியோன்டின் கிளாஸை நீட்டினாள். நுரை விளிம்பைத் தொட்டது. மீன்கடைக்காரர் மகன் கோட்டைத் தாண்டினான்.

ஊரே கத்தியது. கொம்மார் மூச்சு வாங்க வந்து நின்றபோது, வேலிப்பக்கமிருந்து காமியேல் வேகமாக வந்தார்.

"என்ன கலாட்டா இது? கிளாஸ் நேரத்துக்கு வரல. பாட்டில்தான்."

"டேய், பீப்பாயே பையனுக்கு முன்னாடி வந்துச்சுடா!" என்றார் கொம்மார்.

"பீப்பாயாவது வர்றதாவது. கட்டுக்கதை. நான் இங்கயேதான் இருந்தேன். நான் எதையும் பாக்கல."

"இங்கயேன்னா எங்க?" என்றாள் லியோன்டின்.

"என் நாற்காலியில."

எல்லாரும் நாற்காலியைப் பார்த்தார்கள். பார்ப்பதற்கு ஒரு கால் மட்டும் மிச்சம் இருந்தது.

"நாற்காலியில இருந்திருந்தா நீங்க இப்ப ரொட்டி மாவு மாதிரி தட்டையா இருக்கணும், நடுவரே," என்றாள் அவள். "தட்டையா இல்லையே. கடைசிச் சுத்துல கோட்ட விட்டுட்டு எங்க போனீங்க?"

காமியேலின் முகம் கிளாஸில் இருந்ததைவிடச் சிவந்தது. கை தானாகக் கால்சட்டைப் பட்டனைத் தேடிப் போனது. கொம்மார் ஓர் அடி நெருங்கி வந்தார். அரை நாளாக மென்று விழுங்கிய எரிச்சல் முழுவதும் கண்ணில் நிற்க, அவரையே பார்த்தார்.

"போனது ஒரு நிமிஷம்தான்யா," என்று முனகினார் காமியேல். "காலையிலேர்ந்து அடக்கி வெச்சிருந்தேன்."

"சரி. வேலிக்குப் பின்னாலேர்ந்து கோடு தெரிஞ்சுதா, தெரியலையா?" என்றாள் லியோன்டின்.

காமியேல் தரையைப் பார்த்தார்.

"தெரிஞ்சுது. பீப்பாய்தான் முதல்ல வந்துச்சு. ஒரு கிளாஸ் நெறையற நேரம் முன்னாடி."