வீட்டுக்குள்ள வீடு

காலைத் தேநீருக்குக் கூட வேலை செய்யும் டெவிடா சுட்டுக் கொண்டுவந்த சீஸ் ரோலை ஹினேவாய் கையிலேயே வைத்திருந்தாள். தின்னத் தோன்றவில்லை. அவளுடைய நாற்காலியில் இப்போது ஃப்ரேசர் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணிக்குக் கருவியின் புதுப் பதிப்பு வெளியே போகிறது. அவளுடைய ஆறு வார வேலை அதில் சேருமா, குப்பைக்குப் போகுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால், புதிய புரோகிராமுக்கு வேண்டிய ஃபோல்டர், கோப்புகள் எல்லாவற்றையும் அமைத்துக் கொடுக்கிற கருவி அது. ஏழு வருடத்துக்கு முன் ஃப்ரேசர் எழுதியது. டனீடனில் இருக்கிற இந்தச் சின்னக் கம்பெனியை வெளியூரில் நாலு பேருக்குத் தெரியும் என்றால் அதனால்தான். ஆனால் அதில் ஒரு வில்லங்கம். பெயரைக் கொடுத்தால் அந்தப் பெயரில் அதுவே ஒரு ஃபோல்டரை உண்டாக்கிக்கொள்ளும். ஆட்களோ முதலில் தாங்களே ஃபோல்டரை உண்டாக்கி, அதற்குள் போய் நின்றுகொண்டு, பிறகுதான் கருவியைக் கூப்பிடுவார்கள். ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொன்று முளைக்கும். ஆபீசில் இதற்கு 'வீட்டுக்குள்ள வீடு' என்று பெயர். உதவி கேட்டு வரும் கடிதங்களில் பாதி இதுதான். ஃப்ரேசர் எல்லோருக்கும் ஒரே பதில் எழுதுவார்: கையேட்டின் நான்காம் பக்கத்தைப் படிக்கவும்.

ஹினேவாய் கருவியைப் பயன்படுத்துகிற பதினோரு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பேசாமல் அவர்கள் விரல்களையே பார்த்தாள். ஒன்பது பேர் வீட்டுக்குள் வீடு கட்டினார்கள். அவர்களைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை. அதே பெயருள்ள காலி ஃபோல்டருக்குள் நின்று கூப்பிட்டால் கருவி அங்கேயே வேலையைத் தொடங்கும்படி மாற்றினாள்.

"கருவி யூகிக்கக் கூடாது. சொன்னதச் செய்யணும்," என்றார் ஃப்ரேசர்.

"யூகிக்கல, ஃப்ரேசர். நாம எங்க நிக்கறோம்னு பாத்துக்குது, அவ்வளவுதான்."

"படிக்காம வர்றவங்களுக்கு எதுக்கு இவ்வளவு தாலாட்டு? நான் ஒரு நாளும் அப்படிச் செஞ்சதில்ல."

"நீங்க பிறக்கறப்பவே நாலாம் பக்கத்தப் படிச்சவராச்சே," என்றான் டெவிடா.

"வாய மூடு. எங்க கர்லிங் கிளப்புக்கு ஒரு ஸ்கோர் பலகை வேணும். அதையே இந்தப் புதுசுல செஞ்சு பாக்கறேன்."

விசைகள் படபடத்தன. ஃப்ரேசரின் நினைப்பெல்லாம், பனிக்கட்டியில் கல்லைச் சறுக்கவிடும் அந்த ஆட்டத்துக்குப் பலகையில் எத்தனை கட்டம் வேண்டும் என்பதில் இருந்தது. விரல்கள் பாட்டுக்கு 'கர்லிங்' என்று ஒரு ஃபோல்டரை உண்டாக்கின. அதற்குள் போயின. கருவியைக் கூப்பிட்டு மறுபடி 'கர்லிங்' என்றன.

"பத்து," என்று டெவிடா முணுமுணுத்தான். ஹினேவாய் அவன் காலை மிதித்தாள்.

ஃப்ரேசர் நிமிரவே இல்லை. கால் மணி நேரத்தில் பலகை தயாராகிவிட்டது.

"சரி, நல்லாத்தான் ஓடுது. நீ மாத்தினது எங்க? ஒண்ணுமே தெரியலையே."

ஹினேவாய்க்கு நெஞ்சு பூரித்தது. ஆறு வாரமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உழைத்தாள்.

"கொஞ்சம் மேல ஏத்திப் பாருங்க."

ஏற்றினார். அவர் தட்டிய மூன்று வரிகளும் அங்கே இருந்தன. இரண்டு முறை படித்தார். காதுமடல் சிவந்தது. டெவிடா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஃப்ரேசர் கையேட்டைத் திறந்து நான்காம் பக்கத்துக்குப் போனார். தான் எழுதிய பத்தியை முதல் எழுத்திலிருந்து கடைசிவரை இழுத்துத் தேர்ந்தெடுத்தார். அது முழுக்க நீலமாகி நின்றது. அவர் விரல் அழிக்கும் விசைக்குப் போனது. ஹினேவாய் ஆறிப்போன சீஸ் ரோலை ஒரு கடி கடித்தாள்.