கல்வாழை இலையில் ஒரு தையல்

“ஏண்டி, இந்த இலையைத் தைச்சது யாரு?” என்று அத்தை என்னைக் கேட்டாள்.

எங்கள் தையல்கடை ஜன்னலோரம் தொட்டியில் ஒரு கல்வாழை நிற்கிறது. அதன் இலையொன்று குழல்போலச் சுருண்டு, விளிம்பில் வெள்ளை நூலால் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது.

“மெஷின் தையல் இல்ல, கைத்தையல். உள்ள லெட்டர் இருக்கு.” கடையில் வேலைக்கு இருந்த, பட்டன் துளைக்குக் காஜா போடும் அண்ணனை முறைத்தாள். “எழுதினது நீதானே?”

“அக்கா, நான் அளவு எழுதினாலே உங்களுக்குப் புரியாது. லெட்டர் எழுதினா யாருக்குப் புரியும்?”

அத்தை கத்தரிக்கோலை எடுத்தாள். உள்ளே இருப்பது கூட்டுப்புழு. இன்றோ நாளையோ வெளியே வர வேண்டியது, வெட்டினால் போச்சு. அதைச் சொல்ல வாய் எழவில்லை. வகுப்பில் கேள்வி கேட்டாலே ஊமையாகி, ஒன்பதாவதோடு நின்றவள் நான். துணிமூட்டைக்கு அடியில் ஒளித்திருந்த நோட்டை எடுத்து நீட்டினேன். அதுவரை யார் கண்ணிலும் படாத நோட்டு.

அத்தை சத்தமாகவே படித்தாள்.

“‘இலைமேல் கடுகளவு முட்டை, ஒன்றே ஒன்று. ஐந்தாம் நாள் புழு. வாயிலிருந்து நூல் விட்டு இலையைத் தைத்து, உள்ளே உட்கார்ந்து அதே இலையைத் தின்கிறது. எச்சத்தை விசிறி எறிகிறது. ஒருமுறை கல்யாண மாப்பிள்ளைக்குத் தைக்கும் பேண்ட் மேல் விழுந்தது.’ அடிப்பாவி, அதை நான் எள்ளுன்னுல்ல தட்டி விட்டேன்!” பக்கத்தைப் புரட்டினாள். “‘உடம்பு கண்ணாடிப் பச்சை. பெரிய தலை, ஒல்லிக் கழுத்து. வாய் ஓய்வதில்லை. அத்தை மாதிரியே.’”

அண்ணன் பட்டன் டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

“எனக்கா ஒல்லிக் கழுத்து?” என்றாள் அத்தை. மற்றதை மறுக்கவில்லை. கத்தரிக்கோல் ஆணிக்குத் திரும்பியது.

மறுநாள் காலை குழலின் வாய் விரிந்தது. கசங்கிய சிறகோடு வண்ணத்துப்பூச்சி ஒன்று ஊர்ந்து வந்து, இலையில் தொங்கிச் சிறகைக் காயவைத்தது. அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இவ்வளவுதானா? பழுப்புத் துணி, நாலு வெள்ளைப் புள்ளி, முட்டைக் கண்ணு. இதுக்கா ஒரு மாசம் உட்கார்ந்து தைச்சுது? நானா இருந்தா…”

அது பறக்கவில்லை, துள்ளியது. தொட்டி விளிம்பு, தையல் மெஷின், அங்கிருந்து அத்தையின் தோள். நுனியில் கொக்கிபோல வளைந்த அதன் உணர்கொம்பு அவள் காதை உரசியது.

அத்தை வாயை மூடினாள். மெல்ல எழுந்தாள். அது உட்கார்ந்த தோள் அசையாமல், கழுத்தில் அளவுநாடா தொங்க, வாசலில் பேண்ட்டுக்காக வந்து நின்ற மாப்பிள்ளையையும் தாண்டி, ஒரு வார்த்தை பேசாமல் தெருவில் இறங்கி எதிர்வீட்டுப் பூச்செடிகளை நோக்கி நடந்தாள்.