டிரைவர் விழுங்காத மாத்திரை

"எனக்கு வலியே இல்லையே சிஸ்டர், அப்புறம் எதுக்கு வலி மாத்திரை?" என்றார் பஸ் டிரைவர். இன்னும் ஒரு மணி நேரத்தில் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன்.

இதே கேள்வியை நர்ஸ் எத்தனை ஆயிரம் நோயாளிகள் வாயிலிருந்து கேட்டிருப்பாளோ. நேற்று மாலை தொடங்கிய வேலை அவளுக்கு இன்னும் முடியவில்லை. இவளை மாற்றிவிட வேண்டிய நர்ஸ் வராததால் காலை ஷிஃப்டும் இவள் தலையிலேயே விடிந்திருந்தது.

"வந்தப்புறம் வலியைத் துரத்துறது கஷ்டம். வெள்ளம் வருமுன்னே அணை போடணும்ல? முழுங்குங்க."

"பள்ளம் வர்றதுக்கு முன்னாடியே பிரேக் போடச் சொல்றீங்க."

"அப்படியே வெச்சுக்குங்க."

விழுங்கும்வரை நின்று பார்க்க வேண்டும் என்பது விதி. அதற்குள் பக்கத்து வார்டில் மணி அடித்தது. மாத்திரையை அவர் கையில் வைத்துவிட்டு, சார்ட்டில் 'கொடுத்தாச்சு' என்று டிக் போட்டுவிட்டு ஓடினாள். எதிரே டிரைவரின் மனைவி சுவரைப் பிடித்துப் பிடித்து வந்துகொண்டிருந்தாள். முட்டி வலி, பாவம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் டிரைவர் முதலில் பல்லைக் கடித்தார், பிறகு வாய்விட்டே அலறினார். டாக்டர் வலிக்கு ஒரு சின்ன ஊசி போட்டுவிட்டுச் சார்ட்டைப் பார்த்தார்.

"மாத்திரையும் உள்ள போயிருக்கு. இதுக்கு மேல போட்டா மூச்சு மந்தமாயிடும். பொறுத்துத்தான் பாக்கணும்."

அலறலைக் கேட்டு வெளியே இருந்த மனைவி உள்ளே ஓடி வந்தாள். ஓடி வந்தாள்! நர்ஸ் அவள் காலையே பார்த்தாள்.

"உங்க முட்டி என்னம்மா ஆச்சு?"

"அதிசயமா இருக்கு சிஸ்டர். ஆறு வருஷத்துல இன்னைக்குத்தான் வாயை மூடிட்டு இருக்கு. 'எனக்குத்தான் வலியில்லையே, வலிக்கிறவ நீ முழுங்கு'ன்னு இவர் காலைல ஒரு மாத்திரை..." சொல்லும்போதே அவளுக்கும் விளங்கிவிட்டது.

நர்ஸ் வாயைத் திறந்தால் மெமோ நிச்சயம். திறக்காவிட்டால் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். டிரைவர் மேல் கோபம் வந்தது, வராமல் போனவள் மேல் வந்தது, தன் மேல்தான் அதிகமாக வந்தது.

"டாக்டர், அந்த டிக் தப்பு. அவர் முழுங்கல. நான் நின்னு பாக்கல."

டாக்டர் அவளை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு ஊசியை எடுத்தார். "எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

அந்த நாளில் முதல்முறையாக அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள், விளக்கம் எழுத. கால் மணி நேரத்தில் அலறல் அடங்கியது. கட்டில் பக்கமிருந்து மெல்லிய குரல் வந்தது.

"முட்டி எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் மனைவி, தலையில் அடித்துக்கொண்டே.