காற்றில்லாத பள்ளம்

ஞானரட்ணம் அண்ணை மட்டன் ரோலைக் கடித்தபடியே ஆல்பத்தைப் புரட்டினார். லண்டன் ஹரோவில், பெண்பிள்ளைகள் வயதுக்கு வந்த பாதிச் சாமத்திய வீடுகளுக்கு அவர்தான் வீடியோ. பனிச் சரிவில் சிவப்புச் சேலையோடு நின்ற யாரோ ஒரு பிள்ளையின் முகத்தில் அவருடைய எண்ணெய் விரல் பதிந்தது. துடைக்கத் துடைக்கப் பரவியது. 

"ஸ்கொட்லாந்தில எடுத்தது. சனிக்கிழமை உங்கட பிள்ளையையும் இதே பள்ளத்திலதான் நிப்பாட்டுவன். மேல காத்து ஊதும், இங்க ஒரு சொட்டுக் காத்தில்லை. சேலை மடிப்புக் கலையாது, தலைப்பூ அசையாது. கலரும் கொஞ்சம் வெள்ளையாத் தெரியும்."

அக்கா வசந்தமலர், தன் மகளின் நிறத்தைப் பற்றிய அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் அதிகம் சந்தோஷப்பட்டாள்.

நான் மாலை வகுப்பில் மலைநடை படிக்கிறேன். தட்டச்சு வகுப்பில் இடமில்லாததால் சேர்ந்தது. ஒரு மலையிலும் கால் வைத்ததில்லை. அதனால் வாயைத் திறக்குமுன் படித்ததை ஒழுங்காக நினைத்துப் பார்த்தேன். புதுப்பனி விழுந்து காற்றும் அடித்தால், காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்து மறைவில் கொட்டும். அங்கே அது பலகைபோல் இறுகிக் கிடக்கும். அடியில் உதிர்பனி. ஓர் ஆளின் பாரம் போதும், பலகை முழுவதும் வழுக்கி வரும். காற்றுப் படாத பள்ளம்தான் ஆபத்தான இடம். ஸ்கொட்லாந்தில் நேற்றிலிருந்து பனியும் பெருங்காற்றும் என்று ரேடியோ சொன்னது. எங்காவது பிழையாக விளங்கிக்கொண்டேனோ? திரும்பவும் முதலிலிருந்து யோசித்தேன். பிழை இல்லை. அந்தப் படத்திலேயே, பிள்ளையின் தலைக்கு மேலே, சரிவின் குறுக்கே மெல்லிய வெடிப்பு ஒன்று ஓடியது.

சொன்னேன். வெடிப்பையும் காட்டினேன்.

"தங்கச்சி எப்ப எவரெஸ்டுக்குப் போறா?" என்று அவர் வாய் நிறைய ரோலோடு சிரித்தார். "எத்தனை பிள்ளையளை அங்க எடுத்தனான். ஒண்டும் புதையேல்லை."

"கௌரி, நல்ல காரியத்தில வாய் வையாதை," என்றாள் அக்கா.

இராஜேந்திரன் அத்தான் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேனுக்குச் சொல்லியாச்சு."

அவ்வளவுதான்.  குசினிக்குப் போய் ஒரு ட்ரேயில் சீனியைப் பரப்பினேன். மேலே கோதுமை மாவைக் கொட்டி, கரண்டியால் அழுத்தி இறுக்கினேன். கொண்டுவந்து அவர்கள் முன்னால் மெல்லச் சரித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விரல் நுனியால் தொட்டேன். மா முழுவதும் ஒரே பாளமாகக் கழன்று, ஞானரட்ணம் அண்ணையின் மடியிலும் கம்பளத்திலும் விழுந்தது.

"ஐயோ, கார்பெட்!" என்றாள் அக்கா.

"இதையும் வீடியோ எடுத்திருக்கலாம்," என்று அவர் காற்சட்டையில் ஒட்டிய சீனியை விரலால் எடுத்து நக்கினார்.

படியில் ஆள் அரவம் கேட்டது. அக்காவின் மகள் நிரோஜா, கட்டிப் பார்த்த புதுச் சேலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"சித்தி, இதில நான் எங்க நிப்பன்?"

நான் கம்பளத்தில் கிடந்த மாவுக்கு அடியைக் காட்டினேன்.

 அத்தான் கதிரையை விட்டு இறங்கி முழங்காலில் இருந்தார். விழுந்த மாப் பாளத்தை ஒற்றை விரலால், மெதுவாக, அடியில் ஏதோ கிடப்பதுபோல விலக்கத் தொடங்கினார்.