தப்சோபாவின் சிரிப்பு

வெளிநாட்டுத் தூதர் அன்பளிப்பாகக் கொண்டுவந்த புது ஆம்புலன்ஸ் டூகான் ஊர் மைதானத்தில் வெயிலில் நின்றது. பந்தலின் முன்வரிசையில் இருந்த எர்னெஸ்தீன் பாரே அதைப் பார்க்கவில்லை. சுகாதார இயக்குநர் தப்சோபாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன் இதே தூதரகம் கொடுத்த முதல் வண்டி, தலைநகரில் அவன் கட்டிய வீட்டுக்குச் சிமெண்ட் சுமந்தது. அப்படி ஒருநாள், பிரசவ வலியோடு மகள் வெரோனிக் கழுதை வண்டியில் கிடக்க, அது அவர்களைக் கடந்தது. எர்னெஸ்தீன் கைகாட்டினாள். முன்சீட்டில் இருந்த தப்சோபா திரும்பிப் பார்த்தான். வண்டி நிற்காமல் செம்புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. செத்த மகளின் உதட்டிலிருந்து அந்தச் செம்புழுதியைத்தான் அவள் துடைத்தெடுத்தாள்.

தூதரகத்துக்கு எழுதினாள். அன்பளிப்பு உங்கள் அரசுக்குச் சொந்தமாகிவிட்டது, நட்பு நாட்டின் உள்விவகாரத்தில் நாங்கள் தலையிடுவதில்லை என்று பதில் வந்தது. அதன்பின் அவள் எவரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

தப்சோபா மோசி. ஊர்க்காரர்கள் சாமோ. இரு இனத்துக்கும் கேலி உறவு. என்ன சொன்னாலும் கோபிக்கக் கூடாது, கேட்டதை மறுக்கக் கூடாது. மீறியவனை இரு பக்கமும் மனிதனாக மதிக்காது. ஒருவரையொருவர் அடிமை என்பதும், சாமோக்களை நாய்த்தலைப் பிரியர்கள் என்பதும் அதில் பழைய கேலி. கூட்டத்தை மயக்க அவன் அந்தக் கேலியைத்தான் எடுத்தான்.

"என் சாமோ அடிமைங்களா! வண்டி வந்துருச்சு. உள்ள நாய்த்தலை இல்ல, மோந்து பாக்காதீங்க!"

மைதானம் குலுங்கியது. எர்னெஸ்தீன் எழுந்தாள். கேலிக்கான கதவை அவனே திறந்துவிட்டான்.

"யாருடா அடிமை? உன் தாத்தனை எங்க ஆளு ஒரு நாய்த்தலைக்கு வாங்கினாரு. அதுவே நஷ்டம்!"

தூதரும் சிரித்தார். அவர் காதருகே மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஆசிரியரிடம் அவள் திரும்பினாள்.

"வாத்தியாரே, ஒரு வார்த்தை விடாம சொல்லு. தூதரய்யா, என் அடிமைக்குக் கண்ணு தெரியாது. போன வண்டியில சிமெண்ட் மூட்டையப் புள்ளத்தாச்சின்னு நெனச்சு அவன் வீட்டுக்கே கொண்டுபோய்ச் சேத்தான். என் மக வெரோனிக் ரோட்டுல கெடந்தா. அவள மூட்டைன்னு நெனச்சு விட்டுட்டுப் போயிட்டான். பாவம், திட்டாதீங்க!"

சிரிப்பு பாதியில் அறுந்தது. விழாவை நேரலையில் ஒலிபரப்பிக்கொண்டிருந்த வானொலிக்காரனின் மைக் அவள் பக்கம் நகர்ந்தது. தூதர் புது வண்டியின் சாவியைத் தப்சோபாவிடம் நீட்டவும் முடியாமல், பைக்குள் போடவும் முடியாமல் நின்றார்.

தப்சோபாவின் கழுத்து நரம்பு புடைத்தது. முன்வரிசையில் இருந்த மோசிக் கிழவர்கள் அவன் முகத்தையே கவனித்தார்கள். அவன் பல்லைக் காட்டினான். எர்னெஸ்தீன் அவனை விடவில்லை.

"கேக்குறதக் குடுடா. புதுச் சாவிய வாங்கி, அந்தா நிக்கிற நம்ம ஊரு மருத்துவச்சி கையில வை. பழைய வண்டிச் சாவி உன் பையிலதான இருக்கு? அதையும் வை."

அவன் விரல்கள் பைக்குள் நெடுநேரம் துழாவின. இரண்டு சாவிகளும் மருத்துவச்சியின் உள்ளங்கையில் விழுந்தன. எவரும் கைதட்டவில்லை.

எர்னெஸ்தீன் அவன் எதிரே போய் நின்றாள்.

"வெரோனிக்னு சொன்னேன்ல? சிரிடா."

அவன் சிரித்தான். மைக் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது.

"இன்னும் சத்தமா."